கேட்காமல் வந்த பதில்

இது கற்பனை இல்லை. கற்பனை செய்யும் ஆளும் நான் இல்லை. என் வேலை காது கொடுத்துக் கேட்பது, கேட்டதை நேரம் போட்டுக் குறித்து வைப்பது. அன்றைய குறிப்புத் தாள்களின் நகல் என் அலமாரியில் இருக்கிறது. கீழே வரும் ஒவ்வொரு நிமிடமும் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது இரவில் நடக்கவில்லை. பட்டப்பகலில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் துருவக் கடலுக்குப் போகாதவர்கள். கோடையில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. விளக்கை அணைக்கவே முடியாத அறையில் மாட்டிக்கொண்டதுபோல் இருக்கும்.

எங்களுடையது ஆராய்ச்சிக் கப்பல். நாங்கள் சுற்றிக்கொண்டிருந்த இடத்தில் கடலுக்கடியில் ஒரு மலைத்தொடர் இருக்கிறது. இருபது வருடம் முன்பு வரை அதற்கு மேலே கடற்பரப்பில் மூன்று மீட்டர் தடிமனுக்குப் பனி மூடிக் கிடந்தது. யாரும் சீண்டவில்லை. கடல் சூடேறியது, பனி விலகியது. விலகியதும் இரண்டு நாடுகள், “இந்த மலை எங்கள் நிலத்தின் தொடர்ச்சி” என்று கிளம்பிவிட்டன. சும்மா சொன்னால் போதாது, அளந்து காட்ட வேண்டும். அதனால் ஒவ்வொரு கோடையிலும் இரண்டு கப்பல்கள் ஒரே தண்ணீரில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு சுற்றும். எதிரிக் கப்பலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் ‘பங்காளி’. வரப்புத் தகராறு என்று வந்துவிட்டால் வேறென்ன பெயர் வைப்பது?

கப்பலில் என் பெயர் ‘காது’. தண்ணீருக்குள் ஒலி அனுப்பி, திரும்பி வரும் ஒலியைக் கேட்பவன். பின்தளத்தில் வின்ச், அதாவது கயிறு இழுக்கும் இயந்திரம், ஓட்டுபவர் என் மனைவியின் அண்ணன். எனக்கு மச்சான். ஆள் வேலையில் புலி, பாதுகாப்பு விஷயத்தில் மகா அலட்சியம். புறப்படும்போது என் மனைவி வாசலில் நின்று சொன்னது இவ்வளவுதான்: “எங்கண்ணன் பெல்ட் போடவே சோம்பேறித்தனப்படுவார். நீங்கதான் பாத்துக்கணும். அவர் இல்லாம தனியா மட்டும் வந்து நிக்காதீங்க.”

நான் தலையாட்டினேன். தலையாட்டுவது சுலபம்.

என்ன நடந்தது என்று புரிய வேண்டுமானால் ஒரு கருவியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மலை எந்த நிலத்தின் தொடர்ச்சி என்று காட்ட, கடலடித் தரையின் வெப்பத்தை அளக்கும் ஒரு பதிவுப் பெட்டியை வைக்கிறோம். அது மிதந்து போய்விடாமல் கீழே ஒரு டன் இரும்பு எடை. மேலே மஞ்சள் மிதவைகள். எடைக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு கொக்கிக் கருவி. பெட்டி திரும்ப வேண்டும் என்றால், கப்பலிலிருந்து அந்தக் கருவிக்கு மட்டுமே உரிய ஒரு ராகத்தைத் தண்ணீருக்குள் அனுப்புவோம். தொலைபேசி எண் மாதிரி. கருவி அதைக் கேட்டு, ‘டிங்’ என்று பதில் சொல்லும். விடு என்றால் கொக்கியை விடும். எடை கீழேயே கிடக்கும், மற்றதெல்லாம் மேலே வரும்.

அந்த ‘டிங்’கில் இன்னொரு அழகும் உண்டு. குளிர்ந்த கடலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய ஆயிரத்து நானூற்றைம்பது மீட்டர் ஓடும். கேட்ட நேரத்துக்கும் பதில் வந்த நேரத்துக்கும் நடுவில் நான்கு நொடி என்றால், போக இரண்டு, வர இரண்டு. ஆக, கருவி இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர் தூரத்தில் இருக்கிறது. தாமதம் தெரிந்தால் தூரம் தெரியும். என் பிழைப்பே இந்த ஒரு வரிதான்.

ஆனால் நாம் கேட்டால்தான் கருவி பதில் சொல்லும். தானாக வாய் திறக்காது. அதற்கு உயிர் கொடுப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மஞ்சள் மூடி. அதைச் சொருகித் திருகினால்தான் உள்ளே மின்சாரம் ஓடும். மூடி இல்லாத கருவி வெறும் இரும்புக் குழாய். எங்கள் தளத்தில் அந்த மூடிக்கே ‘உயிர்’ என்றுதான் பெயர். “உயிர் போட்டாச்சா?” என்று ஒருவர் கேட்பார். “போட்டாச்சு” என்று இன்னொருவர் கத்துவார். அப்புறம்தான் எடையைத் தள்ளுவோம். மின்கலம் வீணாகக்கூடாது என்று கடைசி நிமிடம் வரை மூடியைச் சட்டைப்பையில் வைத்திருப்பது எல்லாக் கப்பலிலும் உள்ள வழக்கம்.

அந்த வாரம் பங்காளிக் கப்பல் ஒரே இடத்தில் மூன்று நாள் நின்றது. நான் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். ஒரே ராகம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. பதிலே இல்லை. நான்காம் நாள் காலை மூடுபனி இறங்கியதும் கிளம்பிப் போய்விட்டது.

எங்கள் ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

“அந்த ராகத்தைப் பதிவு பண்ணியிருக்கீங்களா?”

“இருக்கு சார்.”

“ரெண்டு வருஷ அளவு அதுல இருக்கும். இந்த மலையோட தலையெழுத்தே அதுதான். கூப்பிடுங்க.”

“அது அவங்களோடது சார். அவங்க கூப்பிட்டே வரலையே.”

“வரலைன்னு விட்டுட்டுப் போயிட்டாங்க. விட்டுட்டுப் போனது யாருக்கு வேணா சொந்தம்.”

வாக்கி டாக்கியில் மச்சானிடம் விஷயத்தைச் சொன்னேன். “அடுத்தவன் வயல்ல அறுவடையா? பண்ணிடுவோம் மாப்ள. ஆனா மாட்டினா நான் வெறும் வின்ச் டிரைவர்னு சொல்லிடுவேன்” என்றார்.

மதியம் 1:22. ஒலி அனுப்பும் குடுவையைக் கப்பலின் பின்பக்கம் தண்ணீருக்குள் இறக்கினேன். பங்காளியின் ராகத்தை அனுப்பினேன்.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு...

டிங்.

மூன்று நாள் கூப்பிட்டவர்களுக்கு வராத பதில், எனக்கு முதல் தடவையிலேயே வந்தது.

திரையில் 2,903 மீட்டர். தலைவர் என் தோளைத் தட்டினார். 1:25-க்கு, விடு என்றேன். விட்டது.

இப்படிப்பட்ட கருவி நிமிடத்துக்கு எழுபது மீட்டர் சுமாராக மேலே வரும். மிதவை இழுக்கிறது, தண்ணீர் தடுக்கிறது, இரண்டும் சமமாகி ஒரே வேகம். வேறு வழியே இல்லை. நான் நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தேன். தாளில் இப்படி இருக்கிறது:

1:35 — 2,180.
1:36 — 2,180.
1:37 — 2,180.

நின்றுவிட்டது. பிறகு ஏறியது. 1:47-க்கு 1,450-ல் மறுபடி நின்றது. இரண்டு நிமிடம். பிறகு ஏறியது. 1:59-க்கு 730-ல் மறுபடி.

“நீரோட்டமா இருக்கும்” என்றார் தலைவர்.

நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளும். நிறுத்தாது. அவருக்கும் அது தெரியும். அடுத்த எண்ணைக் குறித்துக்கொண்டேன். மாடிப்படி ஏறுபவர் நடுநடுவே நின்று மூச்சு வாங்குவார் பாருங்கள்... எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

2:11-க்கு மூடுபனிக்குள் மஞ்சள் மிதவைகள் தெரிந்தன. 2:19-க்கு மச்சான் கொக்கி போட்டார். வின்ச் இழுத்தது. மிதவைகள் வந்தன. பதிவுப் பெட்டி வந்தது. கடைசியில் கயிற்றின் நுனியில் அந்தக் கொக்கிக் கருவி. நான் அறைவாசலுக்கு வந்து பார்த்தேன். கருவி தண்ணீரை விட்டு வெளியே வந்து காற்றில் தொங்கியது. சொட்டுச் சொட்டாக நீர்.

மச்சான் வின்ச்சை நிறுத்திவிட்டார்.

“என்ன மச்சான்?”

“இந்த மீட்டரைப் பாருங்க மாப்ள.”

கயிற்றில் எவ்வளவு பாரம் தொங்குகிறது என்று காட்டும் மீட்டர். கருவியும் கயிறும் சேர்ந்து நாற்பது கிலோ. மீட்டர் காட்டியது நூற்றுப் பதினெட்டு. தண்ணீருக்குள் இருக்கும்வரை நாற்பதைத் தாண்டவில்லையாம். வெளியே வந்ததும் ஏறியிருக்கிறது.

தண்ணீருக்குள் எடையே தெரியாமல், காற்றுக்கு வந்தால் மட்டும் எழுபத்தெட்டு கிலோ கனக்கும் பொருள் என்ன?

கருவிக்குக் கீழே பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறும் காற்று.

“மீட்டருக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு” என்றார் மச்சான். சிரிக்கவில்லை.

தளத்தில் வைத்த அந்த நொடி மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது. நான் குனிந்து பார்த்தேன். இரண்டு வருடம் கடலில் கிடந்த கருவியில் கறை இருக்கும், துரு இருக்கும். இதில் வண்ணப்பூச்சுகூட மங்கவில்லை. மஞ்சள் மூடி சரியாகச் சொருகியிருந்தது. வளையத்தை இறுகத் திருகி, கால் சுற்று பின்னால் தளர்த்தியிருந்தார்கள். குளிரில் இறுகிப்போகாமல் இருக்க, அனுபவசாலிகள் செய்யும் வேலை.

2:27. மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன்.

“உயிரை எடுத்தாச்சு” என்றேன், வழக்கப்படி.

“என் உயிரை எடுக்காம இருந்தா சரி” என்றார் மச்சான். பின்தளத்துக் கயிற்றைச் சுருட்டப் போனார். கயிற்றின் நடுப்பகுதி மட்டும் ஒரு வளைவாகக் கப்பலுக்கு வெளியே கடலில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் அறைக்கு வந்தேன். குடுவையை மேலே தூக்கும் முன் ஒரு தடவை காதில் மாட்டிப் பார்ப்பது வழக்கம்.

2:29.

டிங்.

கருவி தளத்தில் கிடக்கிறது. அதன் உயிர் என் பையில் இருக்கிறது. நான் எதையும் கேட்கவும் இல்லை.

டிங்.

தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. அதே சுருதி.

கேட்காமல் வரும் பதிலுக்குத் தூரம் போட முடியாது. எங்கிருந்து என்று தெரிய வேண்டுமானால் நான் கேட்க வேண்டும். கேட்டிருக்கக் கூடாது... கை பழகியது. கேட்டுவிட்டேன்.

2:31 — 31 மீட்டர்.

இன்னொரு தடவை.

22.

நான் கேட்கக் கேட்க அது நெருங்கியது.

14.

கையை எடுத்துவிட்டேன். இனி கேட்கப் போவதில்லை.

டிங். டிங். டிங்.

அதுவாகவே. வேகமாக. காது வலிக்கும் சத்தம்.

ஒரே ஒரு தடவை கேட்டேன்.

9.

என் குடுவை தொங்கும் இடத்திலிருந்து ஒன்பது மீட்டரில் கப்பலின் கடைசி ஓரம். மச்சான் நிற்கும் இடம்.

ஓடினேன்.

மச்சான் முதுகைக் காட்டி நின்றார். பெல்ட் போட்டிருந்தார், ஆனால் கம்பியில் மாட்டவில்லை. இடது கால் கயிற்று வளையத்துக்குள் இருந்தது.

வெளியே தொங்கிய வளைவு... மெதுவாக... விறைத்தது.

“மச்சான்! கால்!”

திரும்பினார்.

கயிறு பாய்ந்தது.

வளையம் பூட்ஸைக் கவ்வியது. ஆள் விழுந்தார். இழுத்துக்கொண்டு போனது. நான் பெல்ட்டைப் பிடித்தேன். இருவரையும் சேர்த்து இழுத்தது. என் முழங்கால் ஓரத் தகட்டில் இடித்து நின்றது.

கீழே கடல், கை எட்டும் தூரத்தில்.

“விடாதீங்க மாப்ள...”

விடவில்லை.

பூட்ஸ் கழன்றது.

கயிறு தொய்ந்தது. அவ்வளவுதான். அலைகூட இல்லை.

மச்சான் ஒற்றைக் காலுறையோடு மல்லாந்து கிடந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கயிற்றைப் பார்த்து, “கயித்துல எதுவுமே இல்லையே மாப்ள. எது இழுத்துச்சு?” என்றார்.

அவரை உள்ளே அனுப்பிவிட்டு அறைக்குத் திரும்பினேன். ஏன் அதைச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அது போய்விட்டதா என்று உறுதி செய்துகொள்ள நினைத்தேன் போலிருக்கிறது. 2:38-க்குக் கடைசியாக ஒரு தடவை கேட்டேன்.

பதில் வந்தது.

0.

அதற்குப் பிறகு எவ்வளவு கேட்டும் எதுவும் வரவில்லை.

பதிவுப் பெட்டியைத் திறந்தபோது தலைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருட அளவு இல்லை. ஐந்தே நாள். அதாவது, பங்காளி கூப்பிட ஆரம்பித்ததற்கு முந்தைய நாள்தான் அது கடலுக்குள் போயிருக்கிறது. முந்தின நாள் போட்டதை மறுநாள் எதற்குக் கூப்பிட வேண்டும்? எங்களில் யாருக்கும் புரியவில்லை. கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். யாரும் வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவு. மஞ்சள் மூடியை யாரும் கேட்கவில்லை. அது என் பையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. அதன்பின் நான் போகும் இடமெல்லாம் பயணப் பெட்டியில் கூடவே வந்தது.

என் மனைவிக்கு அவள் அண்ணன் முழுசாக வந்து சேர்ந்தார். ஒரு ஜோடி புது பூட்ஸ் வாங்கினார். அடுத்த கோடையிலும் அதே கப்பலில் போனார். “போகாதீங்க” என்று சொல்லிப் பார்த்தேன். “எனக்கு வேற என்ன வேலை தெரியும்?” என்றார். நான் கடல் வேலையை விட்டுவிட்டு, கரையில் அலுவலக வேலைக்கு மாறிக்கொண்டேன்.

பதினான்கு மாதம் கழித்து இரண்டு நாடுகளும் சமாதானமாகப் பேசுவதாக ஒரு கூட்டம் போட்டன. வேறொரு ஊரில். தேநீர் இடைவேளையில் பங்காளிக் கப்பலின் ‘காது’ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் என் வயதுதான் இருக்கும். ஒரே தொழில், பேச்சு சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. அந்த மூன்று நாளைப் பற்றி நானே கேட்டேன்.

கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“எங்க தளத்து மெக்கானிக். என்கூட ஒரே அறையில தங்கியிருந்தவன். கருவியை இறக்குற அன்னைக்கு மூடி போட மறந்துட்டான். எடையைத் தள்ளிட்டாங்க. அப்பதான் அவனுக்கு ஞாபகம் வந்துச்சு. மூடியைக் கையில வெச்சுக்கிட்டு ஓடினான், தண்ணிக்குள்ள போறதுக்குள்ள சொருகிடலாம்னு. கயிறு கால்ல மாட்டிக்குச்சு. ஒரு டன் எடை. கத்தக்கூட நேரமில்ல.”

நான் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினேன்.

“உங்க கப்பல் பக்கத்துலயே நின்னுச்சு. இந்தத் தண்ணியில எங்க ஆள் செத்தான்னு வெளிய தெரியக்கூடாதுன்னுட்டாங்க. துறைமுகத்துல மாரடைப்புன்னு எழுதினாங்க.”

“அப்ப அந்தக் கருவி...”

“செத்த கருவி. மூடி இல்லாம அது எப்படிப் பேசும்? எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் மூணு நாள் கூப்பிட்டோம். அவன் மனைவி ஒருநாள் கேப்பாங்க இல்ல, கூப்பிட்டுப் பாத்தீங்களான்னு.”

உத்தரவாவது ஒன்றாவது. நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

“மூடி எப்படித் திருகியிருந்துச்சு?”

“இறுக்கிட்டு, கால் சுத்து தளர்த்தி.”

கண்ணை மூடிக்கொண்டான். “அவன் கைதான்” என்றான். பிறகு, “கடைசித் தூரம் எவ்வளவு?” என்றான்.

“பூஜ்யம்.”

“அப்ப மேல ஏறிட்டான்.” என்னையே பார்த்தான். “அந்த மூடி இப்ப எங்க?”

“என்கிட்டதான்.”

கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

மச்சான் அப்போது அதே கப்பலில், அதே கடலில் இருந்தார். அன்று மாலையே விடுதி அறையிலிருந்து கப்பலுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். என் பயணப் பெட்டியைத் திறந்து அந்த மஞ்சள் மூடியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். கரை வந்ததும் அதை அந்த மெக்கானிக்கின் வீட்டில் சேர்த்துவிடலாம், அதுவரை பின்தளத்துக்குப் போகாதீர்கள் என்று மச்சானிடம் சொல்லத்தான் கூப்பிட்டேன். செயற்கைக்கோள் வழியாகப் போகும் பேச்சு. நாம் கேட்பது அங்கே எட்டி, அவர்கள் சொல்வது இங்கே வர ஒன்றே கால் நொடி ஆகும். அதற்குக் குறைய வழியே இல்லை.

6:52. மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

“மச்சான், இருக்கீங்களா?”

“ம்.”

உடனே வந்தது. நான் வாயை மூடும் முன்பே.

பிறகு... ஒன்றே கால் நொடி கழித்து...

“ஹலோ? மாப்ளையா? சொல்லுங்க, இப்பத்தான் போனைக் கையில வாங்கினேன்.”

தாமதம் தெரிந்தால் தூரம் தெரியும். பத்தொன்பது வருடமாக நான் போட்ட கணக்கு.

அன்று போடவில்லை.